மார்த்தாண்டத்தில் தேக்கம், குளச்சலில் காலி: மூன்று குடோன் சரக்கை எப்படிப் பிரிப்பது?

குடோன்சாவி:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஏஜென்சி வைத்திருக்கிறோம். பிஸ்கட், சோப்பு, தேயிலை, நூடுல்ஸ் என்று நான்கு கம்பெனி சரக்கு. மெயின் குடோன் வடசேரி பக்கம். மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் சின்ன குடோன் ஒவ்வொன்று. அந்தந்த ஊர் லைன் வண்டிகள் (கடை கடையாகச் சரக்கு போடுகிற வண்டிகள்) அங்கிருந்தே லோடு ஏற்றிக் கிளம்பும்.

கம்பெனி டிப்போ மதுரையில். ஆர்டர் போட்டால் சில சமயம் நாலாம் நாள் வண்டி வந்துவிடும், சில சமயம் எட்டு நாள் ஆகும். வந்த லோடை அன்றைக்கே பிரித்து அனுப்பிவிடுவோம். நாகர்கோவிலுக்குப் பாதி, மார்த்தாண்டத்துக்கு முப்பது சதவீதம், குளச்சலுக்கு இருபது. அப்பா காலத்தில் போட்ட கணக்கு. இப்போது என்ன ஆகிறது என்றால், ஒரு கிரீம் பிஸ்கட் மார்த்தாண்டத்தில் நாற்பது பெட்டி தூங்குகிறது, தேதி முடிய இரண்டு மாதம்கூட இல்லை. அதே பிஸ்கட் குளச்சலில் ஒரு வாரமாக இல்லை. சேல்ஸ்மேன் கடை கடையாகத் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறான். கம்பெனி ஆளிடம் அவசர லோடு கேட்டால் மொத்த இருப்பைப் பார்த்துவிட்டு, 'உங்களிடம்தான் சரக்கு இருக்கிறதே' என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

சின்ன குடோன்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் நாகர்கோவிலிலிருந்தே அனுப்பிவிடலாமா? இல்லை, மூன்று இடத்திலும் இன்னும் கூடுதலாக வைக்க வேண்டுமா? கூடுதலாக வைக்கப் பணம் கிடையாது, பேங்க் ஓ.டி. கடன் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. இதே தொழிலில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

கோட்டார்க்காரன்:

தம்பி, குடோனை மட்டும் மூடிவிடாதே. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அன்றைக்கு நான் கோட்டாரில் மொத்தக்கடை நடத்திக்கொண்டிருந்தேன். ரோடு முழுக்க ரப்பர் மரமும் மின்கம்பமும் குறுக்கே கிடந்தன. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பேட்டரியும் என் கடையில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. குலசேகரத்தில் ஒரு கடைக்காரர் போன் போட்டு அழாத குறை. வண்டி போக வழியில்லை. பல ஊர்களில் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. ஆள் இருக்கிற இடத்தில் சரக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளச்சலுக்கு இருபது போதவில்லை என்றால் முப்பது கொடு. மார்த்தாண்டத்தில் குறைத்துக்கொள்.

ரயில்பயணி:

அண்ணாச்சி, குளச்சலை முப்பது ஆக்கினால் அடுத்த மாதம் மார்த்தாண்டம் காலியாகும். அப்போது இன்னொருவர் மார்த்தாண்டத்துக்கு நாற்பது கொடு என்பார்.

நான் திருவனந்தபுரத்தில் சரக்குத் திட்டமிடும் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் வருகிறவன். எனக்குத் தெரிந்தவரை இதில் சதவீதத்தைவிட, பிரிக்கிற நேரம்தான் கோளாறு. லோடு வந்த அன்றே மொத்தத்தையும் மூன்றாகப் பிரித்துவிட்டால், அடுத்த லோடு வரைக்கும் எந்த ஊரில் எவ்வளவு விற்கும் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுகிறீர்கள். முதல் பந்திக்கே பாயசம் முழுவதையும் ஊற்றிவிடுகிற மாதிரி. பாதியையாவது நாகர்கோவிலில் யாருக்கும் ஒதுக்காமல் வையுங்கள். எந்த ஊரில் விற்றதோ அந்த ஊருக்கு, விற்ற அளவு மட்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது அனுப்புங்கள். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தானே, மதுரை மாதிரி இருநூறுக்கு மேல் இல்லையே.

அந்த கிரீம் பிஸ்கட் ஒவ்வொரு குடோனிலும் ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி போகிறது, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்ல முடியுமா?

குடோன்சாவி:

சராசரி பார்த்தால் நாகர்கோவில் 10, மார்த்தாண்டம் 6, குளச்சல் 4. ஏற்ற இறக்கம் எல்லா இடத்திலும் உண்டு. ஒரு நாள் ஒன்றுமே போகாது, மறுநாள் பன்னிரண்டு போகும்.

ரயில்பயணி:

சரி, கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு குடோனுக்கும் நாளைக்கு 4 பெட்டி என்று வைத்துக்கொள்வோம் (புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்களே, அது). மதுரை லோடு வர சராசரி 6 நாள். நூறு தடவையில் தொண்ணூற்றைந்து தடவை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால் 1.65 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு குடோனுக்குக் கையிருப்புக் காப்பு: 4 × 6-இன் வர்க்கமூலம் (2.45) × 1.65 = 16 பெட்டி. இது அன்றாடம் விற்கிற சரக்குக்கு மேல், ஆபத்துக்கு வைக்கிற பங்கு. மூன்று குடோனும் தனித்தனியாக மதுரையை நம்பி இருந்தால் 48 பெட்டி.

எல்லாவற்றையும் நாகர்கோவிலில் சேர்த்து வைத்தால் 48 வேண்டாம். ஓர் ஊரில் கூடுகிற நாளில் இன்னோர் ஊரில் குறையும், ஒன்றையொன்று ஈடுகட்டும். அந்த 16-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால்தான் (1.73) பெருக்க வேண்டும், மூன்றால் அல்ல. ஆக 28 பெட்டி. மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும் நாகர்கோவிலிலிருந்து தினமும் சரக்கு போகும் என்றால் அங்கே ஒரு நாள் காப்பு போதும், 7 பெட்டி வீதம். மொத்தம் 42.

48-க்கும் 42-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்பீர்கள், உண்மைதான். ஆனால் அந்த 28 பெட்டி எந்த ஊருக்கும் வாக்குக் கொடுக்காமல் நிற்கிறது. நீங்கள் சொன்ன அந்த நாற்பது பெட்டி மார்த்தாண்டத்தில் பூட்டிக்கொண்டதே, அந்தச் சிக்கல் வராது.

இன்னொன்று. 6 நாள் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்; நிஜத்தில் 4 நாளும் ஆகிறது, 8 நாளும் ஆகிறது என்கிறீர்கள். அந்த இரண்டு நாள் முன்பின்னை இதே கணக்கில் சேர்த்தால் 28 என்பது 72 ஆகிவிடும்! தட்டச்சுப் பிழை இல்லை. நாளைக்கு இருபது பெட்டி விற்கிற சரக்கு இரண்டு நாள் தாமதமானால் நாற்பது பெட்டி குறைகிறது. கடைக்காரர்களின் ஏற்ற இறக்கம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. முதலில் மதுரைக்காரரிடம் சண்டை போட்டு, ஏழு நாளானாலும் சரி, சொன்ன நாளில் வரும்படி செய்யுங்கள். நாலு நாளும் எட்டு நாளுமாக வருவதைவிட நிச்சயமாக ஏழாம் நாள் வருவது மேல்.

பீட்டுக்காரன்:

கணக்கெல்லாம் அருமை, ஆனால் அடித்தளமே பொய். குளச்சல் 4 பெட்டி என்று அண்ணன் சொல்கிறாரே, அது சரக்கு இல்லாத நாட்களையும் சேர்த்த சராசரி. இல்லாத சரக்கு எப்படி விற்கும்? நான் பல வருஷமாக லைனில் இருக்கிறேன். ஆர்டர் எடுக்கிற ஆப்பில் இருப்பு இல்லாத ஐட்டம் சாம்பல் நிறமாகிவிடும், தொடவே முடியாது. கடைக்காரர் அஞ்சு பெட்டி கேட்பார், ஆப்பில் பதிவே ஆகாது. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் 'குளச்சலில் இந்த ஐட்டம் ஓடவில்லை' என்று வரும். அப்புறம் இன்னும் குறைத்து அனுப்புவார்கள்.

ஒரு பழைய நோட்டு வாங்கி உங்கள் சேல்ஸ்மேன் பையில் போடுங்கள். கேட்டது, இல்லாதது இரண்டையும் எழுதட்டும். கடை பெயர், ஐட்டம், எத்தனை. ஒரு மாதம் போதும், உங்கள் சராசரியெல்லாம் தலைகீழாகும்.

மார்த்தாண்டம் 6 பெட்டியும் சந்தேகம்தான். களியக்காவிளை லைன் அதில் சேருமா? கம்பெனி ஸ்கீம் (தள்ளுபடிச் சலுகை) விடுகிற மாதத்தில் கேரளத்துப் பாறசாலை பக்கத்துக் கடைக்காரர்கள் பார்டர் தாண்டி வந்து முப்பது நாற்பது பெட்டி ஒரே பில்லில் எடுத்துப் போவார்கள். அது அந்த ஊர் விற்பனை இல்லை. ஸ்கீம் முடிந்ததும் வர மாட்டார்கள். பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குடோன்சாவி:

இப்போதுதான் கம்ப்யூட்டரில் டாலி கணக்கைத் திறந்து பார்த்தேன். ஜூன் மாதத்தில் களியக்காவிளையில் ஒரே பார்ட்டி, இரண்டு பில், பெரிய அளவு. ஸ்கீம் மாதம்தான். அதற்கு அப்புறம் அந்த பார்ட்டி பெயரே இல்லை.

கடலோரக்கடை:

குளச்சல் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். (நீங்கள் எங்களுக்குச் சரக்கு போடுகிற ஏஜென்சி இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஏஜென்சியும் அச்சு அசல் இப்படித்தான்.)

அண்ணா, இது ஆகஸ்ட். எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கையில் காசு புழங்காது. கிரீம் பிஸ்கட்டை யார் தொடுவார்கள்? அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் கடனுக்குத்தான் போகும். ஆகஸ்ட் பிறந்து படகு இறங்கியதும் ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிடும். கடலில் தங்கி மீன் பிடிக்கிற படகுக்கு வேண்டிய சாமான் மொத்தமாகப் போகும். தேயிலை, சீனி, ரஸ்க், பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு எல்லாம் பெட்டிக் கணக்கில். படகு திரும்பி வந்து மீன் விற்ற அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிரீம் பிஸ்கட். ஜூன் ஜூலையையும் சேர்த்து சராசரி போட்டு அதை வைத்து ஆகஸ்டில் அனுப்பினால் காலியாகாமல் என்ன செய்யும்?

படகுக்கு எடுக்கிற சாமான் முந்தின நாளே தெரியும். என்னிடம் லிஸ்ட் வந்துவிடும். ஆனால் உங்கள் சேல்ஸ்மேன் வாரத்தில் ஒரு நாள் வருகிறான், அவனிடம் சொல்ல அடுத்த வாரம்வரை காத்திருக்க முடியாதே. ஒரு வாட்ஸ்அப் நம்பர் கொடுத்து, படகு லிஸ்ட் வந்தால் அனுப்பு என்று எந்த ஏஜென்சியும் இதுவரை கேட்டதில்லை.

அப்புறம் ஒரு உண்மை சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இரண்டு பெட்டி கேட்டால் ஒன்றுதான் வருகிறது என்று தெரிந்ததும் நான் நாலு கேட்க ஆரம்பித்தேன். எல்லாக் கடையிலும் இதே கதைதான்.

ரயில்பயணி:

அக்கா கடைசியில் சொன்னது எங்கள் தொழிலில் பாடமாகவே இருக்கிறது. தட்டுப்பாட்டில் கடைகள் இரட்டிப்பாகக் கேட்கும். ஏஜென்சி அதை நம்பி இன்னும் கூட்டிக் கேட்கும். கம்பெனி அதை நம்பித் தயாரிக்கும். சரக்கு வந்து சேரும்போது யாருக்கும் வேண்டியிருக்காது. கடைசிக் கடையில் சின்னதாக ஆடுகிற ஆட்டம் மேலே போகப் போகப் பெரிதாகும். 1990-களில் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியே இதைக் கவனித்தது. குழந்தைகள் என்னவோ ஒரே அளவில்தான் நனைத்துக்கொண்டிருந்தன, ஆனால் கம்பெனிக்கு வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின.

தடைக்காலத்தை நான் யோசிக்கவே இல்லை. கிழக்குக் கடற்கரையில், அதாவது சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே மாவட்டத்தில் ஒரு கரை படுத்திருக்கும்போது மறு கரை ஓடுகிறது. ஜூன் முதல் பாதியில் மட்டும் இரண்டும் சேர்ந்து படுக்கும். சரக்கை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அனுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா! ஓணத்துக்கு மார்த்தாண்டம் பக்கம் தூக்கும், மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்குக் குளச்சல் பக்கம், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிகள் வரும்போது கன்னியாகுமரி. எல்லாம் வேறு வேறு மாதம்.

கோட்டார்க்காரன்:

கிறிஸ்துமஸை மறந்துவிட்டாயே. அது இந்த மாவட்டம் முழுக்க ஒரே வாரத்தில் வருகிறது. அப்போது உன் வர்க்கமூலம் என்ன செய்யும்?

ரயில்பயணி:

ஒன்றும் செய்யாது அண்ணாச்சி. எல்லா ஊரும் ஒன்றாக ஏறினால் சேர்த்து வைப்பதில் லாபமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே வாங்கி மூன்று குடோனையும் நிரப்பத்தான் வேண்டும்.

கோட்டார்க்காரன்:

சரி, இப்போது பணக்கணக்குக்கு வா. உன் பேச்சைக் கேட்டுத் தம்பி தினமும் வண்டி விடுகிறான் என்று வைத்துக்கொள். மார்த்தாண்டம் போய்வர டீசல், டிரைவர் பேட்டா, ஏற்றி இறக்குகிற கூலி சேர்த்து ஒரு நடைக்கு 1,800 ரூபாய் என்று வை. வாரத்துக்கு மூன்று நடை கூடினால் மாதம் இருபத்து மூவாயிரம் வரும். இதனால் ஐந்து லட்சம் சரக்கு குறைகிறது என்றே வை, பன்னிரண்டு சதவீத வட்டிக்கு மாதம் ஐயாயிரம்தான் மிச்சம். ஐயாயிரத்தைக் காப்பாற்ற இருபத்து மூவாயிரம் செலவா? படித்த பிள்ளைகள் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ரயில்பயணி:

வட்டியை மட்டும் எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தேதி முடிந்து போகிற சரக்கையும் குளச்சலில் விற்காமல் போனதையும் சேர்க்க வேண்டும். இந்தத் தொழிலில் நஷ்டம் வட்டியில் போவதைவிட அந்த இரண்டில்தான் அதிகம் போகும். இருந்தாலும் தனி வண்டி கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பீட்டுக்காரன்:

தனி வண்டி எதற்கு மக்கா? நாகர்கோவிலிலிருந்து தக்கலை லைன் வண்டி போகுமே. தக்கலையில் லைன் முடியும்போது பாதி வண்டி காலி. அங்கிருந்து மார்த்தாண்டம் கொஞ்ச தூரம்தான். காலையில் கிளம்பும்போதே மார்த்தாண்டத்துக்கு உரியதை முன்பக்கம் ஏற்றி, லைன் சரக்கைக் கதவுப் பக்கம் ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் கடைக்குக் கடை இறக்கி ஏற்றியே லோடுமேன் செத்துப்போவான். அதே மாதிரி திங்கள்சந்தை லைன் வண்டியைக் குளச்சல் வரை நீட்டினால் போதும். டீசல் மட்டும் கூடும், டிரைவருக்கு ஒரு சாயாக் காசு கூடக் கொடுங்கள். திரும்பி வரும்போது டேமேஜ், எக்ஸ்பைரி, தூங்குகிற பெட்டி எல்லாம் ஏற்றி வந்துவிடலாம். சின்ன யானையில் (டாடா ஏஸ் வண்டி) பிஸ்கட் ஏற்றினால் எடை எட்டுவதற்குள் இடம் நிறைந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் அதைவிட மோசம்.

குடோன்சாவி:

தக்கலை லைன் செவ்வாய், வெள்ளி. திங்கள்சந்தை லைன் திங்கள், வியாழன். அப்படியானால் இரண்டு குடோனுக்கும் வாரம் இரண்டு தடவை. தினமும் இல்லை என்றாலும் எட்டு நாளைக்கு ஒருமுறை என்பதைவிட எவ்வளவோ மேல். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ரயில்பயணி:

அப்படியானால் 7 பெட்டி காப்பு போதாது. வாரம் இரண்டு தடவை என்றால் இடைவெளி நான்கு நாள் வரை போகும். 4 × 2 × 1.65 = 13 பெட்டி. அதோடு அந்த நாலு நாள் விற்பனை: மார்த்தாண்டத்துக்கு 24, குளச்சலுக்கு 16 (நோட்டு எழுதியபின் இது மாறும்). ஆக மார்த்தாண்டத்தின் உச்சவரம்பு 37, குளச்சலின் வரம்பு 29. வண்டி கிளம்பும் முன் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, வரம்புக்கு எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் ஏற்றுங்கள்.

மருந்துமொத்தம்:

நான் மருந்து மொத்த விற்பனை, நாகர்கோவில். பிஸ்கட்காரர்கள் கூட்டத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும்.

எல்லா ஐட்டத்துக்கும் ஒரே கணக்கு போடாதீர்கள். எங்களிடம் ஆயிரக்கணக்கான ஐட்டம் உண்டு. பணத்தில் பார்த்தால் கொஞ்சம் ஐட்டங்கள்தான் பெரும்பகுதி விற்பனை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாக் கிளையிலும் வைப்போம், எப்போதாவது கேட்கிற மருந்துகள் நாகர்கோவிலில் மட்டும். போன் வந்தால் அடுத்த வண்டியில் போகும். ஆனால் விற்பனையை மட்டும் பார்த்து வெட்டினால் ஆளைக் கொன்றுவிடுவோம். பாம்புக்கடி மருந்து மாதக் கணக்கில் அசையாது. அதற்காகக் குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டப் பக்கம் அதை வைக்காமல் இருக்க முடியுமா? பொடியாக வருகிற வகைக்குப் பிரிட்ஜ் கட்டாயமில்லை, திரவமாக வருவதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரண்ட் போகிற இடத்துக்கு எதை அனுப்புவது என்பதும் இருப்புக் கணக்கில் சேர்ந்ததுதான். எங்கள் ஆட்கள் மருந்துகளை உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கோட்டார் அண்ணாச்சியின் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் முதல் வகை. விற்றாலும் விற்காவிட்டாலும் மழைக்காலத்துக்கு முன் அந்தந்த ஊரில் இருக்கட்டும்.

அரசுத் தரப்பில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களிலிருந்து செய்வதையும் பாருங்கள். மாவட்டக் கிடங்கில் மருந்தை வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ரூபாய் மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு. எது வேண்டும் என்பதை ஆஸ்பத்திரிதான் சொல்லும். மேலே இருந்து பிரித்துத் தள்ளுவதில்லை.

தேதி விஷயம்: முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தப்பு. முதலில் தேதி முடிவது முதலில் போக வேண்டும். கம்பெனி சில சமயம் பழைய பேட்சைப் பிந்தி அனுப்பும்.

கோட்டார்க்காரன்:

இந்தப் பிள்ளை சொல்வது நியாயம். ஒக்கியில் மட்டுமில்லை, 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி வெள்ளம் வந்தபோதும் அந்தப் பக்கத்து லோடை நம்பி இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

தம்பி, இத்தனை வரம்பும் நம்பரும் உன் குடோன் பையனுக்குப் புரியுமா? நாங்கள் செய்தது சொல்கிறேன். ஒவ்வொரு ஐட்டத்திலும் கடைசி சில பெட்டிகளைச் சணல் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, சுவரோரம் அடியில் வைத்துவிடுவோம். கயிற்றில் ஒரு அட்டை தொங்கும், அதில் ஐட்டம் பெயரும் எத்தனை பெட்டி வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். மேலே இருக்கிறது தீர்ந்து கயிற்றை அறுக்க வேண்டி வந்தால், அறுக்கும்போதே அட்டையைக் கழற்றிக் கல்லாப் பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம் கல்லா எண்ணும்போது அட்டைகளைச் சேர்த்தால் அதுதான் ஆர்டர். புதுச்சரக்கு வந்ததும் மறுபடி கட்டு, மறுபடி அட்டை. கணக்குத் தெரியாத பையன்கூட ஒருநாளும் தவறவிட்டதில்லை. கம்ப்யூட்டரில் இருப்பு 12 என்று காட்டும், போய்ப் பார்த்தால் 9 இருக்கும். கயிறு அப்படிப் பொய் சொல்லாது.

ரயில்பயணி:

அண்ணாச்சி, டொயோட்டா கார் கம்பெனி ஆலையில் அட்டை வைத்துச் செய்வது இதேதான். இருப்பு அட்டை இல்லாமல் பாகம் நகராது. கட்டு எத்தனை பெட்டி என்பதற்கு மட்டும் என் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கயிறு என் மென்பொருளைவிட மேல்.

குடோன்சாவி:

எல்லாம் சரி, மாதக் கடைசி வாரத்தை என்ன செய்வது? டார்கெட் முடிக்க வேண்டும் என்று கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார். மாதச் சரக்கில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாரத்தில்தான் இறங்குகிறது. அதை வைக்க நாகர்கோவிலில் இடமே இருக்காது, அதனால்தான் வந்த அன்றே பிரித்து அனுப்பிவிடுகிறோம். மார்த்தாண்டத்தில் குவிந்ததும் இப்படித்தான்.

பீட்டுக்காரன்:

இது குமரி மாவட்டத்து நோய் மட்டுமில்லை அண்ணே. ஆனால் ஒரு வழி உண்டு. கம்பெனி ஆளுக்கு உங்கள் வாங்கல் மட்டும்தான் தெரியும். கடைக்குப் போன விற்பனையை வாராவாரம் அவருக்கு அனுப்பி, 'இதுதான் ஓடுகிறது, இந்த அளவுக்கு நாலு தவணையாகத் தாருங்கள்' என்று கேளுங்கள். டார்கெட் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள், தவணையை மட்டும் கேளுங்கள். மாதக் கடைசியில் கெஞ்சாமல் டார்கெட் முடியும் என்றால் அவருக்கும் சந்தோஷம்தான்.

கடலோரக்கடை:

போன வருஷம் ஜிஎஸ்டி குறைப்பு ஞாபகம் இருக்கிறதா? 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி அறிவிப்பு, 22-ஆம் தேதி முதல் அமல். சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம். இடையில் எந்தக் கடைக்காரன் வாங்குவான்? நானும் வாங்கவில்லை. 22-க்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகக் கேட்டோம், ஏஜென்சியில் பழைய விலைப் பெட்டி மலை மாதிரி, புதுச்சரக்கு இல்லை. அந்த மாத விற்பனையைச் சராசரியில் சேர்க்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

குடோன்சாவி:

நல்லவேளை சொன்னீர்கள் அக்கா, செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் எடுத்துவிடுகிறேன். படகு லிஸ்ட் வாட்ஸ்அப்புக்கு எங்கள் குளச்சல் பையன் நம்பரை அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்து நாற்பது பெட்டியை நாளைக்கே திருப்பி எடுத்துக் குளச்சல் அனுப்பலாம் என்று இருக்கிறேன். குடோனுக்கு குடோன் போகிற சரக்குக்குப் பில் போட வேண்டுமா? இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கிற ஜிஎஸ்டி சீட்டு) வேண்டுமா?

மருந்துமொத்தம்:

ஒரே ஜிஎஸ்டி எண்ணுக்குள், தமிழ்நாட்டுக்குள் என்றால் அது விற்பனை ஆகாது, வரி கிடையாது. டெலிவரி சலான் போதும். இரண்டு குடோனும் உங்கள் பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்ந்திருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். இ-வே பில் விற்பனை இல்லாத சரக்குப் போக்குவரத்துக்கும் உண்டு. மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் தாண்டினால் வேண்டும். நாற்பது பெட்டி பிஸ்கட் அவ்வளவு வராது. களியக்காவிளையைத் தாண்டி அனுப்புவதாக இருந்தால் கதை வேறு, அங்கே வரம்பு ஐம்பதாயிரம்.

குடோன்சாவி:

இரண்டும் பதிவில் இருக்கின்றன. நாளை வெள்ளி, தக்கலை வண்டி மார்த்தாண்டம் போய் ஏற்றி வரும். சனிக்கிழமை குளச்சலுக்குத் தனியாக ஒரு நடை விட்டுத்தான் ஆக வேண்டும்.

பீட்டுக்காரன்:

நாற்பதையும் குளச்சலில் இறக்காதீர்கள் அண்ணே. இருபது அங்கே, மீதி நாகர்கோவிலில் எந்த ஊருக்கும் ஒதுக்காமல் வையுங்கள். கன்னியாகுமரி லைனில் கேட்டால் கொடுக்கலாம்.

குடோன்சாவி:

சரி, அப்படியே செய்கிறேன். கோட்டார் அண்ணாச்சி, கிறிஸ்துமஸ் லோடுக்கு எப்போது ஆர்டர் போடுவீர்கள்?

கோட்டார்க்காரன்:

கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்னாலேயே சரக்கு குடோனுக்குள் வந்துவிட வேண்டும். டிசம்பர் 3 தேர் வரைக்கும் இந்தப் பக்கம் லாரி திரும்பவே இடம் இருக்காது. கேக்கை மட்டும் அப்போது வாங்காதே, அதற்குத் தேதி குறைவு. டிசம்பர் பத்துக்கு மேல் இரண்டு தவணையாக எடு.